ஆண்டறிக்கை: சுண்ணாம்புப் பாறை மூங்கிலுக்குப் பெயர் சூட்டும் முன்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வாண்டின் முதன்மையான வேலை, மூங்கில் ஆய்வுக் குழு தயாரித்து முடித்த களக் கையேடு. சுண்ணாம்புப் பாறையில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஒரு மூங்கில் இனத்தை முறைப்படி விவரிப்பது எப்படி என்பதே அதன் பொருள். எனவே அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியது.

குழு பாடமாக எடுத்துக்கொண்டது லாவோஸ் நாட்டின் காமுவான் சுண்ணாம்புப் பாறைப் பகுதியிலிருந்து 2020இல் விவரிக்கப்பட்ட லாவோபாம்போஸ் கல்கேரியஸ். இந்த மூங்கிலின் கழி, அதாவது தண்டு, சதைப்பற்றுள்ளது. மழைக்காலத்தில் நீரேறிப் பருக்கும், வறட்சியில் சுருங்கும், இலையையும் உதிர்த்துவிடும். 1,600க்கும் மேற்பட்ட மூங்கில் இனங்கள் அறியப்பட்டிருந்தும், சதைப்பற்றுள்ள கழி என்று பதிவானது இதுதான் முதல்முறை. காரணம் பாறையிலேயே இருக்கிறது. சுண்ணாம்புப் பாறையில் பெய்யும் மழை வெடிப்புகள் வழியே உடனே கீழிறங்கிவிடும். மேலே தங்கும் மண் மெல்லியது, காரத்தன்மை கொண்டது. மழை நின்றதும் காய்ந்துவிடும். குன்றுகளும் தீவுகளைப் போலத் தனித்தனியாக நிற்பதால், ஒன்றில் வாழும் இனம் பக்கத்துக் குன்றில் இல்லாமலே போகலாம். கானியூ என்ற விந்தையான கொறி விலங்கு 2005இல் அறிவியலுக்கு அறிமுகமானதும் இதே காமுவானிலிருந்துதான் என்பதை உறுப்பினர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

கையேடு முதலில் வலியுறுத்துவது, மூங்கிலை இலைக்கொத்தை மட்டும் ஒடித்து வந்து விவரிக்க முடியாது என்பதை. இலைகள் பெரும்பாலான இனங்களில் ஒன்றுபோலவே இருக்கும். இனத்தைக் காட்டிக்கொடுப்பவை நான்கு: இளங்கழியை மூடியிருக்கும் மடல், கழியின் நடுப்பகுதிக் கணுவில் கிளைகள் பிரியும் விதம், மண்ணுக்கடியில் படரும் வேர்த்தண்டு, பூத்திருந்தால் சிறுகதிர் என்னும் சிறு பூக்கொத்து.

இவற்றில் மடலில்தான் அதிகம் தவறு நடக்கிறது. அடிக்கணு மடலும் நுனிக்கணு மடலும் வடிவில் வேறுபடும் என்பதால், கழியின் நடுப்பகுதியிலிருந்தே எடுக்க வேண்டும். முளைத்து வளர்ந்துகொண்டிருக்கும் கழியே அதற்கு ஏற்றது. முற்றிய கழியில் மடல் உதிர்ந்துபோயிருக்கும், அல்லது அதன் காதுகளும் (மேல் ஓரங்களில் காதுபோல் நீளும் பகுதிகள்) விளிம்பு மயிர்களும் முறிந்திருக்கும். எடுத்த மடலை வெளிப்புறம் மேலே தெரிய விரித்து, அந்த இடத்திலேயே, செடிகளை அழுத்தி உலர்த்தும் அழுத்தியில் வைக்க வேண்டும். சுருண்டு காய்ந்துவிட்டால் பிறகு விரிக்கும்போது கிழியும். மடலின் முதுகில் இருக்கும் சுணை, அதாவது நுண்மயிர், விரல் பட்டாலே உதிரும். அதன் நிறமும் அடர்த்தியும் அடையாளக் குறிகள் என்பதால், தொடுவதற்கு முன்பே அருகில் வைத்துப் படமெடுங்கள். மடல் முடியும் இடத்தில் நாக்குப் போல் நிற்கும் மெல்லிய விளிம்பின் உயரம், அதன் விளிம்பு நேராக உள்ளதா, பல் பல்லாக உள்ளதா, மடலின் நுனியில் உள்ள சிறு மேலிலை நிமிர்ந்து நிற்கிறதா, பின்னால் மடிந்து தொங்குகிறதா என்பதையெல்லாம் பச்சையாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

கிளைக்கணுவை மேலும் கீழும் சில செ.மீ. விட்டு அறுத்து, நெடுக்காகப் பிளந்து வையுங்கள். கணுவிடை (இரு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதி) நீளம், விட்டம், சுவர்க்கனம் மூன்றையும் அளந்து குறியுங்கள். சதைப்பற்றுள்ள கழியாக இருந்தால் விட்டத்தை அளக்க உலர்ந்த மாதிரியை நம்பக் கூடாது. பச்சைக் கழியின் விட்டத்தை ஈரப் பருவத்திலும் வறட்சியிலும் ஒரே கணுவிடையில் அளந்தால்தான் வேறுபாடு தெரியும். வேர்த்தண்டு பாறை வெடிப்பில் சிக்கியிருக்கும். தோண்டினால் தூறே சாகும். அதனால் வெளியே தெரியும் பகுதியைப் படமெடுத்து, கழிகள் நெருக்கமாகத் தூறாக எழுகின்றனவா, இடைவிட்டுப் பரவுகின்றனவா என்று எழுதினால் போதும். சிறுகதிர்களில் சிலவற்றை 70 சதவீத ஆல்கஹாலிலும், டிஎன்ஏவுக்காக இளம் இலைத் துண்டுகளை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லிலும் வையுங்கள். பாறை சுண்ணாம்புதானா என்பதையும் ஊகிக்க வேண்டியதில்லை. 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டால் சுண்ணாம்புப் பாறை உடனே பொங்கும். சுண்ணாம்பைப் போலத் தோன்றும் டோலமைட் என்றால், பாறையைச் சுரண்டிப் பொடியாக்கிய பிறகே நன்றாகப் பொங்கும்.

அடுத்தது ஹோலோடைப், அதாவது பெயரைத் தாங்கி நிற்கும் ஒரே மாதிரி. உலர்த்திய மாதிரியை ஒட்டிப் பாதுகாக்கும் உலர்தாவரத் தாள் ஏறத்தாழ 42 × 28 செ.மீ.தான். மூங்கில் அதில் அடங்காது. ஒரே மாதிரியைப் பல தாள்களில் ஒட்டலாம், ஆனால் ஒவ்வொரு தாளிலும் 'இது இன்ன மாதிரியின் இன்ன பகுதி' என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். எல்லாமே ஒரே சேகரிப்பாகவும் இருக்க வேண்டும். இலையை ஒரு பருவத்திலும், மடலை அடுத்த மழையில் வந்த முளையிலும் எடுத்தால் அவை இரண்டு சேகரிப்புகள். ஒரே தூறாக இருந்தாலும் அவற்றை ஒரே ஹோலோடைப்பாகச் சேர்க்க முடியாது. ஆகவே முளை எழும் பருவத்தைத் தெரிந்துகொண்டு களத்துக்குப் போவது மிகவும் முக்கியம் என்பது குழுவின் உறுதியான கருத்து. பூவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பல மூங்கில்கள் பூக்கப் பல்லாண்டுகள் ஆகும், தாவரப் பெயரிடல் விதிகளும் பூவைக் கேட்கவில்லை. பூ இல்லாமல் பேரினம் எது என்று முடிவுசெய்வது மட்டும் கடினம். சீனாவின் குய்சோ சுண்ணாம்புப் பகுதியிலிருந்து 1983இல் ஆம்பெலோகலாமஸ் பேரினத்தில் விவரிக்கப்பட்ட மூங்கில், 2018இல் ஹ்சுவேஹோக்ளோவா என்ற புதிய பேரினத்துக்குப் போனது. பேரினம் மாறலாம், மாதிரி சரியாக இருந்தால் இனம் நிற்கும்.

பெயர் செல்லுபடியாவதற்கான விதிகளைப் பற்றி உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். 2012 ஜனவரி 1 முதல் விவரணை லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். ஐஎஸ்எஸ்என் அல்லது ஐஎஸ்பிஎன் (இதழ்களுக்கும் நூல்களுக்கும் தரப்படும் பன்னாட்டு எண்கள்) உள்ள மின்னணு வெளியீட்டில் பிடிஎஃப் வடிவில் வந்தாலும் செல்லும். ஹோலோடைப் எது, எந்த உலர்தாவரகத்தில் (உலர்ந்த தாவர மாதிரிகளின் காப்பகத்தில்) இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழில் மட்டும் எழுதிய விவரணை, எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், பெயரை நிலைநாட்டாது. அதனால் சங்க மலரில் புதிய இனம் பற்றித் தாராளமாக எழுதுங்கள், ஆனால் முறையான வெளியீட்டுக்கு முன் சூட்டப்போகும் பெயரை அச்சிடாதீர்கள். விவரணையற்ற வெற்றுப் பெயர் ஊருக்குள் சுற்ற ஆரம்பித்தால் பின்னால் வருபவர்களுக்கு வீண் குழப்பம். சேகரிக்கும் நாட்டின் அனுமதி பெறாமல் எதையும் வெட்டக் கூடாது. ஹோலோடைப் அந்த நாட்டு உலர்தாவரகத்திலேயே இருப்பதுதான் நியாயம் என்று குழு கருதுகிறது.

அழிவு நிலை மதிப்பீட்டில் அவசரம் கூடாது. 2 × 2 கி.மீ. கட்டம் ஒன்றில் மட்டும் கிடைத்தால் வாழிடப் பரப்பு 4 சதுர கி.மீ. ஆகிறது. 10 சதுர கி.மீ.க்குக் குறைவு என்பதால் உடனே 'மிக அருகிய இனம்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த அளவுகோலுக்கு, ஒரே இருப்பிடம் அல்லது கடுமையாகத் துண்டுபட்ட நிலை, தொடர்ந்து குறைந்துவரும் போக்கு, மிகையான ஏற்ற இறக்கம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். சிமெண்டுக்காகக் குன்று வெட்டப்படுகிறது என்றால் அதைத் தேதியிட்ட படத்துடன் காட்டுங்கள். அக்கம்பக்கக் குன்றுகளில் தேடிக் கிடைக்காததையும் பதிவு செய்யுங்கள்.

வரும் ஆண்டில், மடல் சேகரிப்புக்கெனத் தனிப் பயிற்சி நடத்தவும், கையேட்டின் அளவுப் படிவத்தை ஒவ்வொரு களக் குழுவுக்கும் வழங்கவும் நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது. அரிய இனங்களின் துல்லிய இருப்பிடத்தைச் சங்க மலரில் வெளியிடுவதில்லை என்ற தீர்மானமும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கப்படுகிறது.

செயலாளர்