பழைய போலீஸ் கச்சேரிக் கட்டடத்தில் சிமெண்ட் பூசாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்களைப் பழுதுபார்த்துப் போலீஸ் மியூசியம் ஆக்குவது பற்றி அவ்வப்போது செய்தி வருகிறது. நல்ல காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் யார் திறந்து வைத்தார், உள்ளே என்னென்ன துப்பாக்கி இருக்கிறது என்று பத்தி பத்தியாக எழுதுகிறீர்கள், சுவரை எதைக் கொண்டு பூசினார்கள் என்று ஒரு வரி எழுதுவதில்லை. காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளில் மராமத்து வேலை எடுத்துச் செய்கிறவன் நான். எனக்கு முதலில் கேட்கத் தோன்றுவது அதுதான்.

சென்னை எழும்பூரில் இருக்கும் போலீஸ் மியூசியம் பழைய கமிஷனர் ஆபீஸ். 1842-ல் அருணகிரி முதலியார் என்பவரிடம் மாதம் 165 ரூபாய் வாடகைக்கு எடுத்து, அப்புறம் 21,000 ரூபாய்க்குக் கிரயம் முடித்த பங்களா அது. 2013-ல் ஆபீஸ் வேப்பேரிக்குப் போய்விட்டது. சும்மா கிடந்த கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்டியிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அப்படிச் செய்யாமல் பழுதுபார்த்து 2021 செப்டம்பர் 28 அன்று மியூசியமாகத் திறந்தார்கள். கோயம்புத்தூரில் அதற்கு முன்னாலேயே, 2018-ல், ஹாமில்டன் என்ற போலீஸ் அதிகாரி பெயரில் இருந்த நூறு வருஷத்துக் கிளப் கட்டடத்தை இதே மாதிரி மாற்றினார்கள். இரண்டுமே போலீஸ் துறையின் கையிலேயே இருந்து வந்த கட்டடங்கள், அதனால்தான் தப்பித்தன என்பது என் எண்ணம். ஜன்னலைத் திறந்து மூட ஆள் இருக்கிற கட்டடம் லேசில் விழாது.

நம் பக்கம் கதை வேறு. செட்டிநாடு என்றால் கானாடுகாத்தான் பங்களா, ஆத்தங்குடிக் கல், பர்மா தேக்கு, அவ்வளவுதான் எல்லோருக்கும் நினைவு வருகிறது. 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் ஏறியதும் அந்த வீடுகளுக்காகத்தான். அதே காலத்தில், அதே சுண்ணாம்பில் கட்டிய அரசாங்கக் கட்டடங்கள், பழைய போலீஸ் ஸ்டேஷன், போலீஸ்காரர்கள் குடியிருந்த லைன் வீடு, கோர்ட், சப்ஜெயில் என்று எஞ்சி நிற்பவற்றை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பக்கத்தில் புதுக் கட்டடம் எழும்பியதும் பழையது பறிமுதல் செய்த மோட்டார் சைக்கிள் போட்டு வைக்கிற கொட்டடி ஆகிவிடும். பிறகு ஒரு நாள் 'அபாயகரமான கட்டடம்' என்று போர்டு மாட்டுவார்கள். அந்தப் போர்டு வந்துவிட்டால் கதை முடிந்தது என்று அர்த்தம்.

இடிப்பதைவிட எனக்குப் பயமாக இருப்பது ரிப்பேர். எங்கள் பக்கத்தில் ஓர் ஊரில், ஊர்ப் பெயர் வேண்டாம், ஒரு பழைய அரசுக் கட்டடத்துக்குக் காசு ஒதுக்கி, பழைய சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டு முழுக்க சிமெண்ட் பூசி, மேலே எனாமல் பெயிண்டும் அடித்தார்கள். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்துவிட்டது, கையை வைத்தால் பூச்சு பொருபொருவென்று உதிர்கிறது. அந்தக் காலத்துச் சுவருக்கு அடியில் ஈரம் ஏறாமல் தடுக்க இப்போது போல ஒரு தடுப்பு அடுக்கு கிடையாது. தரையிலிருந்து ஈரம் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சுவர் தானாகக் காய்ந்துகொள்ளும். சிமெண்ட் விடாது. உள்ளேயே நிற்கிற ஈரம் மேலே மேலே ஏறி, சுவருக்குள் செருகியிருக்கும் தேக்கு உத்தரத்தின் முனையை உளுக்க வைக்கும். உத்தரம் இறங்கினால் அது தாங்கி நிற்கிற மெட்ராஸ் டெரஸ் என்ற மேல்தளம் முழுதும் இறங்கும். செங்கலைக் குத்துக்கல்லாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிக் கட்டையால் நாள் கணக்கில் அடித்து, அதற்கும் மேலே தட்டை ஓடு பதித்த தளம் அது, அதன் கனம் கொஞ்சமில்லை.

இத்தனைக்கும் இதற்கு வேண்டிய கை நம்மிடம் இருக்கிறது. சுண்ணாம்பை நீற்றி, ஊற வைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துச் சாந்து அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து, வழுவழு கல்லால் தேய்த்துத் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு ஏற்றுவது எல்லோருக்கும் கைவராது. (போலீஸ் ஸ்டேஷன் சுவருக்கு அவ்வளவு பளபளப்பு வேண்டாம், அது வேறு.) ஆனால் குறைந்த ரேட் போட்டவருக்கு வேலை, மார்ச் மாதத்துக்குள் பில் போட வேண்டும் என்றால் சுண்ணாம்பு எப்படிக் காயும்? ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்த பூச்சு. அவசரப்பட்டால் வெடித்துவிடும். அந்த நாளையும் அந்தக் கூலியையும் எஸ்டிமேட்டிலேயே எழுதி, சுண்ணாம்பு வேலை செய்து காட்டியவர்களுக்கு மட்டும் டெண்டர் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். இளம் பையன்கள் நாலு பேரை அந்தக் கொத்தனார்களோடு சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

சரி, கட்டடத்தைச் சரி செய்துவிட்டோம், உள்ளே எதை வைப்பது? அரைக்கால் சட்டை, பெல்ட், வயர்லெஸ் பெட்டி, பிடிபட்ட நாட்டுத் துப்பாக்கி எல்லாம் வைக்கட்டும், பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் நம் சீமையில் ஒரு போலீஸ் மியூசியம் என்றால் 1942 ஆகஸ்ட், 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம், இல்லாமல் எப்படி? தேவகோட்டையில் கோர்ட்டையே கொளுத்தினார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சுதந்திரப் போராட்டக்காரர் சின்ன அண்ணாமலையைத் திருவாடானை ஜெயிலில் அடைத்திருக்கிறார்கள் என்று தெரிந்து ஜனங்கள் திரண்டு போய் ஜெயிலை உடைத்து அவரை வெளியே கொண்டு வந்தார்கள். லத்தியோடு எதிரே நின்ற கான்ஸ்டபிள்களும் வெளியூர்க்காரர்கள் அல்ல, நம் ஆட்கள்தான், சம்பளத்துக்கு நின்றவர்கள். அவர்கள் பக்கத்தையும் சேர்த்துச் சொன்னால் கேட்க ஆள் வரும். அதே போல ரேகைச் சட்டம், அதாவது குற்றப் பரம்பரைச் சட்டம். 1911-க்குப் பிறகு மதுரை, ராமநாதபுரம் ஜில்லாக்களில் சில சாதிகளையே பிறவிக் குற்றவாளி என்று எழுதி, ரேகை உருட்டி, ராத்திரியானால் கச்சேரிக்கு வந்து ஆஜராகச் சொன்னார்கள். அதை எதிர்த்ததற்காக 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் 16 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். துறைக்குச் சங்கடமான விஷயம்தான், தெரிகிறது. ஆனாலும் அந்த ரேகைப் பதிவேடு ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால், தாத்தா பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்க வருகிற பேரன்கள் இருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் காசில்லை, மியூசியம் ஒரு கேடா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். நானும் ஊருக்கு ஊர் மியூசியம் கேட்கவில்லை. சிவகங்கை மாவட்டத்துக்கு ஒன்று போதும். மற்றவற்றில் நூலகமோ, பதிவு அறையோ, போலீஸ் பிள்ளைகளுக்கு டியூஷனோ, எதுவோ ஒன்று நடக்கட்டும், பூட்டி வைக்காமல் இருந்தால் சரி.

இப்போதைக்கு நான் கேட்பது ரொம்பச் சின்ன வேலை. எந்தெந்த ஊரில் எந்தக் கட்டடம் நிற்கிறது என்று மாவட்ட நிர்வாகம் ஒரு பட்டியல் எடுக்கட்டும், அதில் எதையும் சுண்ணாம்பு தெரிந்த ஒருவர் பார்க்காமல் இடிக்கவோ பூசவோ கூடாது என்று உத்தரவு போடட்டும். அதற்கு நாளாகும் என்றால், ஐப்பசி மழைக்கு முன்னால் மாடிக்கு ஆள் ஏற்றி, கைப்பிடிச் சுவரில் முளைத்திருக்கும் அரசங்கன்றுகளை வேரோடு எடுத்து, தண்ணீர் போகிற தூம்பை அடைப்பில்லாமல் வைக்கட்டும். அதற்கு டெண்டர்கூட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு கட்டட மேஸ்திரி,
காரைக்குடி