டீசல் லாரி தயாரிப்பாளர்களுக்கு: அந்த விளக்கு எதைச் சொல்கிறது?

ஆட்டோமேட்டிக் கியர் லாரிகளை வடிவமைப்பவர்களுக்கும் அவற்றின் கையேட்டை எழுதுபவர்களுக்கும் வணக்கம்.

'நீண்ட இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் சுவிட்சைப் போடவும்.' புகையை அடைத்து எஞ்சினைக் கொண்டே வண்டியை மெதுவாக்கும் இந்த பிரேக்கைப் பற்றி இதோடு நிறுத்திக்கொள்கிற கையேடு, ஓட்டுநருக்குப் பாதி விஷயத்தைத்தான் சொல்கிறது.

சுவிட்சைப் போட்டால் புகைக்குழாய் வால்வு மூடிக்கொள்ளும். சில எஞ்சின்களில் டர்போவின் இதழ்களே அந்த வேலையைப் பார்க்கும். வெளியேற வழியில்லாத வாயு பிஸ்டனை எதிர்க்கும். சரி, அந்த எதிர்ப்பு சக்கரம் வரை போய்ச் சேர வேண்டுமே? மேனுவல் வண்டியில் கிளட்ச் இறுகியிருப்பதால் அது தானாக நடக்கும். ஆட்டோமேட்டிக்கில் நடுவே டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது, அதற்குள் எண்ணெய்; எஞ்சினின் சுழற்சி அந்த எண்ணெய் வழியாகத்தான் கியர்பாக்ஸுக்குப் போகும். கன்வர்ட்டரின் இரு பக்கத்தையும் இறுகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் பிடித்திருந்தால்தான் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாகச் சுழலும். அது விட்டுவிட்டால் எஞ்சினின் ஆர்பிஎம் (சுழலும் வேகம்) சரியும், கூடவே பிரேக்கின் பலமும் சரியும். எண்ணெய் சூடாவதுதான் மிச்சம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மேல் கியருக்குத் தாவுகிற கியர்பாக்ஸ் என்றால் இன்னும் மோசம்.

இத்தனை நடந்தாலும் பல வண்டிகளில் டாஷ்போர்டில் எக்ஸாஸ்ட் பிரேக் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்! அது சுவிட்ச் போட்டிருப்பதைச் சொல்கிறதே தவிர, பிரேக் பிடிப்பதைச் சொல்வதில்லை. லோடு வண்டி வேகமெடுத்த பிறகுதான் ஓட்டுநருக்கு விஷயம் புரிகிறது. அப்புறம் கால் பிரேக்கையே அழுத்தி அழுத்தி டிரம் கொதித்துப்போகிறது.

எனவே, லாக்-அப் பிடித்திருப்பதற்குத் தனி விளக்கு வையுங்கள். எந்த கியரில், எந்த வேகத்துக்குக் கீழே அது விட்டுவிடும் என்பதைக் கையேட்டில் அட்டவணையாகப் போடுங்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து ஆர்பிஎம்மை உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். வழுக்கும் சாலையில் இந்த பிரேக்கை அணைத்துவிட வேண்டும் என்பதையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள்; இது இயக்கச் சக்கரங்களை மட்டும் பிடிப்பதால் காலி வண்டி எளிதில் சறுக்கும்.

வெளியில் வாங்கிப் பொருத்தும் எக்ஸாஸ்ட் பிரேக்குகளுக்கும் உங்கள் உதவி தேவை. அடைபட்ட வாயு எஞ்சினைத் திருப்பித் தள்ளும் எதிரழுத்தம் அளவை மீறினால் எக்ஸாஸ்ட் வால்வுகள் ஸ்பிரிங்கையும் மீறித் திறக்கும். எண்ணெய் அழுத்தம் போதாமல் லாக்-அப்பைக் கட்டாயப்படுத்தினால் அந்த கிளட்ச் வழுக்கிக் கருகும். ஒவ்வொரு எஞ்சினும் எவ்வளவு எதிரழுத்தம் தாங்கும் என்பதை நீங்கள் வெளியிட்டால், பொருத்துகிற மெக்கானிக் ஊகத்தில் வேலை செய்ய வேண்டியிருக்காது.

செலவைக் காரணம் காட்டாதீர்கள். லாக்-அப்புக்குக் கட்டளை கொடுப்பதே கியர்பாக்ஸ் கணினிதான். அதற்குத் தெரிந்ததை ஓட்டுநருக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு லாரி ஓட்டுநர்