நடுவராக அமர முன்வருவோருக்கு ஒரு திறந்த மடல்

சமாதானப் பேச்சுகளை நடத்திவைக்க முன்வரும் அரசுகளுக்கும் அமைப்புகளுக்கும்,

வணக்கம். மார்ட்டி அஹ்திசாரியை நீங்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறீர்கள். ஃபின்லாந்தின் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர், 1994 முதல் 2000 வரை குடியரசுத் தலைவர், 2008இல் அமைதிக்கான நோபல் பெற்றவர், பொறுமைசாலி. எல்லாம் சரி. ஆனால், இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தில் அரசுக்கும் விடுதலைப் போராளிகளுக்கும் இடையே நடந்த போரை அவர் முடித்துவைத்த உடன்படிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

2005 ஜனவரி முதல் ஜூலை வரை ஹெல்சின்கி அருகே ஐந்து சுற்றுப் பேச்சு. ஆகஸ்ட் 15 அன்று கையெழுத்து. அந்த ஆவணத்தில் நல்லெண்ண வாசகங்கள் குறைவு, எண்கள் அதிகம். ஆச்சே விடுதலை இயக்கம் 3,000 போராளிகளைக் கலைத்து 840 ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். செப்டம்பர் 15இல் தொடங்கி, நான்கு கட்டங்களாக, டிசம்பர் 31க்குள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இணையாக, வெளியிலிருந்து வந்த இந்தோனேசியப் படைகள் வெளியேற வேண்டும். எஞ்சக்கூடிய ராணுவத்தினர் 14,700 பேர், போலீசார் 9,100 பேர். எண்ணெய், எரிவாயு வருவாயில் 70 சதவீதம் ஆச்சேவுக்கு. தகராறு வந்தால் கண்காணிப்புக் குழுத் தலைவர் தீர்ப்பார். அவராலும் இரு தரப்பாலும் முடியாவிட்டால் அஹ்திசாரியின் அமைப்பினுடைய வாரியத் தலைவர் சொல்வதே இறுதி. அந்தத் தலைவர் அஹ்திசாரிதான்! கையெழுத்து வாங்கியவரே பிறகு வரும் வம்புக்கும் பொறுப்பேற்றார்.

கண்காணிப்பாளர்களின் முதல் அணி கையெழுத்தான அன்றே ஆச்சேவில் பணியைத் தொடங்கிவிட்டது. இந்த அவசரத்துக்குப் பின்னால் நமீபியா இருக்கிறது என்பது எங்கள் கணிப்பு. தென்னாப்பிரிக்காவின் ஆட்சியில் இருந்த அந்த நாட்டில் 1989 ஏப்ரல் 1 அன்று போர்நிறுத்தம் தொடங்கியபோது, செலவுச் சச்சரவால் ஐ.நா. படையின் பெரும்பகுதி வந்து சேரவில்லை. நமீபிய விடுதலை இயக்கமான ஸ்வாப்போவின் போராளிகள் எல்லை தாண்டினார்கள். ஐ.நா. சிறப்புப் பிரதிநிதியாக இருந்த அஹ்திசாரியின் கையில் தடுக்க ஆளில்லை. தென்னாப்பிரிக்கப் படைகள் முகாமைவிட்டு வெளிவர இசைந்தார். நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அவர்மீதான கடுமையான விமர்சனம் இன்றும் இதுதான், அதில் நியாயமும் உண்டு. அந்த நவம்பரில் தேர்தல் ஒழுங்காக நடந்ததும், 1990 மார்ச் 21இல் நாடு விடுதலை பெற்றதும் இதற்கு ஈடாகாது.

ஆச்சே ஆவணத்திலும் ஓட்டை உண்டு. ஆயுத ஒப்படைப்பு ஆண்டு முடிவதற்குள் நடந்தது. 2006 மார்ச் இறுதிக்குள் வரவேண்டிய ஆச்சே நிர்வாகச் சட்டம் சில மாதம் பிந்தினாலும் வந்தது. மனித உரிமை நீதிமன்றமும் உண்மை, நல்லிணக்க ஆணையமும் 'அமைக்கப்படும்' என்பதோடு நின்றன, தேதி இல்லை. ஆணையம் தேசிய ஆணையத்தின் வழியே அமைய வேண்டியிருந்தது. அதற்கான சட்டத்தையே 2006இல் இந்தோனேசிய அரசியல் சாசன நீதிமன்றம் ரத்துசெய்தது. ஆச்சே ஆணையத்தின் உறுப்பினர்கள் பொறுப்பேற்றது 2016இல். காணாமல்போனோரின் குடும்பங்கள் அதுவரை காத்திருந்தன.

2014இல் இலங்கை குறித்த ஐ.நா. மனித உரிமை விசாரணைக்கு ஆலோசனை வழங்கிய மூவரில் அஹ்திசாரியும் ஒருவர். நீதியைத் தள்ளிப்போட்டால் என்னவாகும் என்பது தமிழ் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே, அடுத்த வரைவில் ஆயுதப் பிரிவுக்கு நீங்கள் போடும் அதே அட்டவணையை நீதிப் பிரிவுக்கும் போடுங்கள்: எத்தனை உறுப்பினர், எந்தத் தேதிக்குள், யார் பணம், எந்தக் காலத்துக் குற்றங்கள்வரை, தவறினால் தீர்ப்புச் சொல்பவர் யார். நிரப்பாத கட்டம் ஒன்று இருந்தாலும் கையெழுத்து விழாவுக்கு நாள் குறிக்காதீர்கள்.

இப்படிக்கு,
சமாதான உடன்படிக்கைகளை வரிவரியாகப் படித்துவருவோர்