'விலகினார்' என்று எழுத வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வேலை போனவர்களுக்கு நம் நாட்டில் ஒரு பைசா கிடையாது, அதெல்லாம் வெளிநாட்டில்தான் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் உங்கள் பகுதியில் எழுதியிருந்தார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் அவர் சொன்னது முழுக்கச் சரியில்லை. இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில், வேலை போனவருக்குச் சட்டப்படி பணம் இருக்கிறது. அது நம்மிடம் வந்து சேராமல் போவது எப்படி என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அதில் என் கையும் இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

குன்னூரில் 22 அறைகள் கொண்ட ஒரு லாட்ஜில் பதினான்கு வருஷம் சம்பளக் கணக்கு எழுதினேன். என்னையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர் வேலை பார்த்தோம். போன வருஷம் பிப்ரவரிக் கடைசியில் லாட்ஜை மூடினார்கள். முதலாளி கெட்டவர் இல்லை. கொரோனா காலத்தில் வாங்கிய கடன் ஏறிக்கொண்டே போனது, பிள்ளைகள் ஊரில் இல்லை, கட்டடத்தை விற்றுவிட்டார். எங்கள் கணக்கையும் பாக்கி இல்லாமல் தீர்த்தார். அன்று மதியம் டைனிங் ஹாலில் எல்லோரையும் உட்காரவைத்து, செக்கோடு ஒரு தாளும் கொடுத்தோம். "சொந்தக் காரணங்களால் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்" என்று ஒரே ஒரு வரி. ஆடிட்டர் சொன்னார், நான் டைப் அடித்தேன். பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் பதினெட்டுத் தாள் எடுத்தேன். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. செக் கைக்கு வந்தால் போதும் என்றிருந்தோம். நானும் கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் ஏப்ரலில் இன்னொன்று செய்தேன். இ.எஸ்.ஐ. சந்தாக் கணக்கை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். ஒவ்வொருவர் பெயருக்கு நேரே எத்தனை நாள் வேலை, எவ்வளவு சம்பளம் என்று போட வேண்டும். நாள் பூஜ்யமாக இருந்தால் காரணம் கேட்கும். அதற்கு எண்கள் இருக்கின்றன. 1 போட்டால் விடுப்பு, 2 வேலையை விட்டார், 3 ஓய்வு பெற்றார், 4 சம்பள வரம்பைத் தாண்டிவிட்டார், 10 ஆட்குறைப்பு, 11 வேலை இல்லை. பதினான்கு வருஷத்தில் யார் போனாலும் நான் 2 போட்டுத்தான் பழக்கம். சீசன் முடிந்து நிறுத்தினால் 2, சண்டை போட்டுப் போனால் 2, கல்யாணம் ஆகிப் போனாலும் 2. அன்றும் பதினேழு பேருக்கும் வரிசையாக 2, 2, 2 என்று அடித்துக்கொண்டே வந்தேன். என் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதால் இரண்டு வருஷம் முன்பே எனக்கு 4 போட்டு வெளியே எடுத்துவிட்டோம். அந்த 21,000 வரம்பு 2017 ஜனவரியில் வைத்தது. விலைவாசி எங்கே போய்விட்டது!

இந்தப் பணம் என்ன பணம் என்பதை முதலில் சொல்கிறேன். சம்பளத்தில் நம் பங்கு முக்கால் சதவீதம், முதலாளி பங்கு மூன்றேகால் சதவீதம். 2019 ஜூலையிலிருந்து இதுதான் கணக்கு. 12,000 ரூபாய் சம்பளக்காரருக்கு மாதம் 90 ரூபாய் பிடிப்போம், முதலாளி 390 ரூபாய் கட்டுவார். ஆஸ்பத்திரிக்குத்தான் இந்தப் பணம் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். மாதாமாதம் பிடித்த எனக்கே அதற்கு மேல் தெரியாது. வேலையிழந்தவருக்கான உதவியும் அந்த 90 ரூபாய்க்குள் இருக்கிறது. ஒன்று இல்லை, இரண்டு திட்டம்.

முதலாவது, அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. 2018 ஜூலை 1 அன்று இரண்டு வருஷச் சோதனைத் திட்டமாக வந்தது. நாள் சம்பளச் சராசரியில் கால் பங்கு, அதிகபட்சம் 90 நாளுக்கு, வாழ்நாளில் ஒரு தடவை என்று ஆரம்பித்தார்கள். 2020-இல் கொரோனா வந்ததும் கால் பங்கைப் பாதியாக ஆக்கினார்கள். வேலை போய் 90 நாள் காத்திருக்க வேண்டும் என்பதை 30 நாளாகக் குறைத்தார்கள். பழைய முதலாளி வழியாகத்தான் வரவேண்டும் என்பதை மாற்றி, நாமே நேராகக் கேட்கலாம் என்றார்கள். அப்போதிலிருந்து நீட்டித்து நீட்டித்து ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு வருஷமாவது காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய அரையாண்டில் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும், அதற்கு முன் உள்ள மூன்று அரையாண்டுகளில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள். தவறு செய்ததற்காக நீக்கப்பட்டவருக்கும், வயதாகி ஓய்வு பெற்றவருக்கும், விருப்ப ஓய்வு வாங்கியவருக்கும் கிடையாது.

இதை எனக்குச் சொன்னது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் என் தங்கை மகன். கேட்ட அன்று ராத்திரி தூங்கவில்லை. மறுநாள் காலையிலேயே எங்கள் ஹவுஸ்கீப்பிங் அக்கா வீட்டுக்குப் போனேன். கோத்தகிரி ரோட்டில் லைன் வீடு. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம், வீட்டுக்காரர் இல்லை. பதினோரு வருஷம் எங்களோடு இருந்தவர். அவர் ஏற்கெனவே வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வந்திருந்தார். அங்கே தருவது வேறு உதவித்தொகை. பதிவு செய்துவிட்டு ஐந்து வருஷம் வேலையே கிடைக்காமல் காத்திருக்கும் படித்த பிள்ளைகளுக்கானது. இருந்த வேலையை இழந்தவருக்கு அதில் இடமில்லை. அக்காவின் இ.எஸ்.ஐ. கார்டு அரிசி டப்பாவுக்குள் பிளாஸ்டிக் கவரில் இருந்தது. பத்து இலக்க எண், ஒன்றுகூட அழியவில்லை.

ஆதார், பாஸ்புக், கார்டு எல்லாம் எடுத்துக்கொண்டு இருவரும் கிளை அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் பொறுமையாகவே பேசினார். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "நீங்களேதானே விலகியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அக்கா என் முகத்தைப் பார்த்தார். "லாட்ஜையே மூடிட்டாங்க சார், நான் எங்க விலகறது?" என்றார். அவரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த 2 நான் போட்டது.

அங்கிருந்து நேராக முதலாளி வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவரே அதிர்ந்துபோனார். அப்படி ஒரு பணம் இருப்பது அவருக்கும் தெரியாது. இன்ன தேதியில் விடுதி நிரந்தரமாக மூடப்பட்டது, அதனால்தான் இவர்களுக்கு வேலை இல்லை என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அதை வைத்து அக்காவும் இன்னும் நான்கு பேரும் விண்ணப்பித்தார்கள். அக்காவுக்கு இரண்டு வருஷமாகச் சம்பளம் ஏறவில்லை, அதே 12,000. இரண்டு வருஷச் சம்பளத்தைக் கூட்டி 730 நாளால் வகுத்தால் நாளுக்கு 394 ரூபாய்ச் சொச்சம். அதில் பாதி 197. தொண்ணூறு நாளுக்கு 17,700 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் பாங்கில் வந்தது. ஜூன் மாதம், பள்ளி திறக்கும் நேரம். பேத்திக்கு ஃபீஸ் கட்டிய ரசீதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டிவிட்டுப் போனார்.

ஆனால் என் மனசு ஆறாததற்குக் காரணம் இரண்டாவது திட்டம். ராஜீவ் காந்தி ஷ்ராமிக் கல்யாண் யோஜனா, 2005 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. நிறுவனம் மூடப்பட்டாலோ, ஆட்குறைப்பில் வேலை போனாலோ, வேலையோடு சம்பந்தமில்லாத விபத்தில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் நிரந்தர ஊனம் ஏற்பட்டு வேலை போனாலோ, 24 மாதம் வரை கிடைக்கும். முதல் 12 மாதம் சம்பளத்தில் பாதி, அடுத்த 12 மாதம் கால் பங்கு. அந்தக் காலம் முழுக்க வைத்தியமும் உண்டு. இரண்டு வருஷம் சந்தா இருந்தால் போதும். அக்கா சம்பளத்துக்குக் கணக்குப் போட்டால் இரண்டு வருஷத்தில் ஒரு லட்சத்து எட்டாயிரம் ரூபாய் வரை வரும். அதற்கு மூடல் அல்லது ஆட்குறைப்பு என்பதற்குச் சரியான தாள் வேண்டும். எங்கள் ஃபைலிலோ "சொந்தக் காரணங்களால்" என்று அக்காவே எழுதிக் கொடுத்த தாள் இருக்கிறது. அதை எதிர்த்து நடையாய் நடக்க அவருக்கு முழங்காலில் தெம்பில்லை. சின்னது போதும் கண்ணு என்றுவிட்டார். அந்த ஒரு வரிக்கு விலை தொண்ணூறாயிரம் ரூபாய். டைப் அடிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

புதிய சட்டங்களிலும் இதே கதைதான். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில், ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்குப் புதுத் தொழில் கற்றுக்கொள்ள 15 நாள் சம்பளம் 45 நாளுக்குள் கணக்கில் வரவேண்டும் என்று ஒரு நிதி வைத்திருக்கிறார்கள். நல்ல விஷயம். தானாக விலகியவருக்கு அதுவும் இல்லை.

மலையில் இன்னொரு பெரிய ஓட்டை இருக்கிறது. என் வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் இருபது வருஷமாக இருக்கிறார். ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடம், இ.எஸ்.ஐ. கிடையாது. ஏன் என்று தேடினேன். 1948-ஆம் வருஷ இ.எஸ்.ஐ. சட்டம் பருவகாலத் தொழிற்சாலைகளை விலக்கி வைத்தது, அதன் இடத்தில் வந்த புதிய சட்டத் தொகுப்பும் அப்படியே வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் பருத்தி அரைவை, நிலக்கடலை உடைப்பு, சர்க்கரை, காபி என்று வந்து தேயிலையும் இருக்கிறது. நீலகிரியில் தேயிலை எப்போது பருவகாலத் தொழில் ஆனது? மார்கழி, தை உறைபனியில் கொழுந்து குறையும், ஷிஃப்ட் குறையும். மற்றபடி வருஷம் முழுக்க மிஷின் ஓடுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கும் இலை வாட்டும் மாடியில் காற்றாடிச் சத்தம் எங்கள் வீடு வரை கேட்கும். தோட்ட முதலாளி விரும்பினால் இ.எஸ்.ஐ.யில் சேரலாம் என்று புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. விரும்பினால்தான். பச்சை இலை விலை விழும்போதெல்லாம் ஃபேக்டரிகள் தள்ளாடுகிற ஊரில், அந்தத் தொழிலாளிக்குத்தான் இந்தக் காப்பீடு முதலில் வேண்டும்.

சீசன் பிள்ளைகளையும் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே என்று இரண்டு மாதம் மட்டும் எடுத்தால் 61 நாள். 78-க்குப் பதினேழு நாள் குறைகிறது. பத்துப் பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் காட்டேஜ், ஹோம்ஸ்டேக்களில் இருப்பவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அப்படித்தான் நிறையப் பேர் பிழைக்கிறார்கள்.

ஜெர்மனியில் வேலை போனவருக்குக் கையில் வாங்கிய சம்பளத்தில் 60 சதவீதம், பிள்ளை இருந்தால் 67 சதவீதம் தருகிறார்கள். அந்த அளவுக்கு நான் இன்று கேட்கவில்லை. வேலை முடியும்போது, இவர் எந்தத் திட்டத்தில் எவ்வளவு கேட்கலாம் என்று தமிழில் ஒரு தாள் கொடுப்பதை முதலாளிக்குக் கட்டாயமாக்க வேண்டும். காரண எண் போட்டதும் அது தொழிலாளியின் போனுக்குத் தமிழில் குறுஞ்செய்தியாகப் போக வேண்டும், தவறு என்றால் அவர் மறுக்க வழி வேண்டும். நீட்டித்து நீட்டித்து ஓட்டும் திட்டத்தை நிரந்தரமாக்க வேண்டும். இ.எஸ்.ஐ. அதிகாரிகள் சீசன் முடிந்ததும் குன்னூர், கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் என்று வந்து முகாம் போட வேண்டும்.

லாட்ஜிலும் கடையிலும் தனியார் பள்ளியிலும் என்னைப் போலச் சம்பளக் கணக்கு எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை அந்தக் கட்டத்தில் 2 அடிக்கும் முன் அந்த ஆளை ஒரு வார்த்தை கேளுங்கள்: நீங்களாகப் போகிறீர்களா, இல்லை அனுப்புகிறார்களா? வேலை பார்ப்பவர்களுக்கும் சொல்கிறேன். செக்கோடு சேர்த்து நீட்டும் தாளைப் படித்துப் பாருங்கள். நீங்கள் விலகவில்லை என்றால் விலகினேன் என்று கையெழுத்துப் போடாதீர்கள்.

எங்கள் பதினேழு பேரில் பதினொரு பேரைத் தேடிப் பிடித்துவிட்டேன். மற்ற ஆறு பேர் திருப்பூர், கோயம்புத்தூர் பக்கம் இறங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். பழைய போன் எண்கள் வேலை செய்யவில்லை. அவர்களில் யாராவது இதைப் படித்தால், உங்கள் இ.எஸ்.ஐ. எண்கள் ஆறும் என் நோட்டில் பத்திரமாக இருக்கின்றன. முதலாளி தந்த கடிதத்தின் நகலும் இருக்கிறது. என் போன் எண் மாறவில்லை, கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் விடுதிக் கணக்காளர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.