மனகோலத்தைத் திருப்பிக் கொடுத்த ஆச்சிக்கும் மற்றவர்களுக்கும்

கோட்டையூர், காரைக்குடி மக்களுக்கு வணக்கம்.

பங்குனியில் அம்மாவுக்கு மூளைக் கட்டி ஆபரேஷன் நடந்தது. இப்போது நடக்கிறார், பேசுகிறார், என்னைத் திட்டவும் செய்கிறார். வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றி இது. பலகார ஆர்டர் குவிந்து கிடப்பதால் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி, எங்களிடம் வாங்கிய மனகோலத்தை (நம்ம செட்டிநாட்டுப் பலகாரம்தான்) டப்பாவோடு திருப்பிக் கொண்டுவந்த ஆச்சிக்கு. "சிக்கு வாடை அடிக்குது, உங்கம்மாவுக்கு மூக்கு என்னாச்சுப்பா?" என்று கேட்டீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. சீரகம் கொஞ்சம் கூடுதலாக வறுபட்டால் வாசலில் இருந்தே குரல் கொடுக்கிறவரை இப்படிச் சொல்கிறாரே என்று. அடுத்த வாரமே பால் தீய்ந்து அடுப்படி முழுக்கப் புகை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தேன்குழலுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். அப்போதும் கொரோனா வந்துபோனதில் மணம் போயிருக்கும் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம்.

அடுத்து, எங்கள் அடுப்படிக்கு வேலைக்கு வரும் அக்கா. விடியலில் தலைவலியோடு எழுந்து, வாந்தி எடுத்து, பத்து மணிக்கு மேல் அம்மா சரியாகிவிடுவதை முதலில் கவனித்தது நீங்கள். கணக்கு நோட்டைத் தொடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததையும், சேலை நனைந்தது தெரியாமல் நின்றதையும் என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னதும் நீங்கள். (அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுது, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார்.)

இடையில் ஒரு கிளினிக்கில் நான்கு மாதம் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார்கள். பெயர் வேண்டாம். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறார் என்று மட்டும்தானே நாங்களும் சொன்னோம்? வாந்தியைப் பித்தம் என்று விட்டோம். மணம் போனதை வாயே திறக்கவில்லை.

எல்லாவற்றையும் கோத்துப் பார்த்தவர் காரைக்குடி கண் டாக்டர். எழுத்து மங்குகிறது, கண்ணாடி மாற்றலாம் என்றுதான் போனோம். சொட்டு மருந்து விட்டு, கண்பாவையை விரித்து, வெகுநேரம் பார்த்தார். இரண்டு கண்ணிலும் பார்வை நரம்பின் முனை வீங்கியிருக்கிறது, மண்டைக்குள் அழுத்தம் கூடினால் இப்படி ஆகும் என்றார். தலைவலி எப்போது வருகிறது, வாந்தி உண்டா, குணம் மாறியதா, வாசனை தெரிகிறதா என்று அடுக்கடுக்காகக் கேட்டார். கண்ணாடி எழுதித் தரவில்லை. அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

மூக்குக்கு மேலே, மண நரம்புகள் இருக்கும் பள்ளத்தில், எலுமிச்சம்பழம் அளவுக் கட்டி. மெனிஞ்சியோமா என்று பெயர். மூளையைப் போர்த்தியிருக்கும் உறையிலிருந்து வளர்வது, பெரும்பாலும் புற்று அல்ல. வருடக்கணக்கில் மெல்ல வளர்வதால் கூடவே இருக்கிறவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரியாதாம். நெற்றிப் பக்கத்து மூளை அமுங்கினால் ஆர்வம் குறையும், சுபாவம் மாறும், சிறுநீர் அடங்காது என்று மதுரையில் டாக்டர் விளக்கியபோது, நாங்கள் வயசாச்சு என்று தள்ளியதெல்லாம் வரிசையாக வந்து நின்றது.

மதுரைக்குக் கார் ஓட்டி வந்த தம்பிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மேலூர் தாண்டி அம்மாவுக்கு வலிப்பு வந்தது. கையில் சாவியைத் திணிக்கப் போன என்னைத் தடுத்தீர்கள். வாயிலும் எதையும் வைக்க விடாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொண்டீர்கள். எங்கே கற்றீர்களோ!

ஏழு மணி நேரம் நின்று ஆபரேஷன் செய்த மருத்துவர்கள், ராத்திரியெல்லாம் விழித்திருந்த சிஸ்டர்கள், ரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகள், முதலமைச்சர் காப்பீட்டுக்கு எந்தக் காகிதம் வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னவர் எல்லோருக்கும் நன்றி. எடுத்த கட்டியைச் சோதித்ததில் முதல் கிரேடு, அதாவது புற்று அல்லாத, மெல்ல வளரும் வகை என்று வந்தது. இனி அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதுமாம்.

விஷயம் பரவியதிலிருந்து தலைவலி வந்தவர்கள் எல்லாம் எனக்குப் போன் செய்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை! தலைவலிகளில் மிகப் பெரும்பாலானவைக்குக் கட்டி காரணமே இல்லை. புதிதாக வந்து நாளுக்கு நாள் கூடினால், விடியலில் எழுப்பினால், இருமும்போதும் குனியும்போதும் அதிகமானால், கூடவே வாந்தியோ பார்வை மங்கலோ இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். இதுவரை வராதவருக்கு வலிப்பு வந்தாலும் அப்படித்தான். திடீரென்று ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108.

அம்மாவுக்கு மணம் திரும்பவில்லை. திரும்பாமலும் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆச்சி, வெள்ளிக்கிழமை புது எண்ணெய் வைக்கிறோம். முதல் ஈட்டை நீங்கள் மோந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் டப்பாவில் போடுவேன் என்று அம்மா அடம்பிடிக்கிறார். காலை எட்டு மணிக்கு ஆட்டோ அனுப்புகிறேன்.