புத்தகங்களின் அட்டை தெரியட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பகுதிக் கிளை நூலக வாசலில் அண்மையில் ஒரு பழைய மேசையைப் போட்டு, தாமிரபரணி, பனை, கரிசல் காடு என நம் மண்ணைப் பற்றிய நூல்களை அட்டை தெரியும்படி நிறுத்தி, சிறுவர் கதைகளைக் கைக்கெட்டும் உயரத்தில் ஓலைப்பெட்டிகளில் அடுக்கியிருக்கிறார் நூலகர். ஆண்டுக்கணக்கில் முதுகை மட்டும் காட்டிக்கொண்டு அலமாரியில் நின்ற நூல்கள் அவை. பனை பற்றிய நூலொன்றில் கடைசியாகப் பதிந்திருந்த தேதி முத்திரை 2009. அதை என் கண்ணெதிரே ஒரு பள்ளி மாணவி ஆவலோடு எடுத்துச் சென்றாள். 'ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்' என்று நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட விதியின் பொருள் எனக்கு அன்றுதான் முழுமையாக விளங்கியது.

சனிக்கிழமை மாலைகளில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அங்கே கதை வாசிக்கிறார். அவர் பக்கம் புரட்டச் சற்றுத் தாமதித்தாலும், "பொறவு என்னாச்சு ஆச்சி?" என்று பிள்ளைகள் நெருங்கி வந்துவிடுகிறார்கள்.

இவையெல்லாம் ஒரு நூலகரின் சொந்த ஆர்வத்தாலும் கைக்காசாலும் நடப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு நூலக வரியையும் நாம் செலுத்துகிறோம். அதிலிருந்து நெல்லை மாவட்டக் கிளை நூலகம் ஒவ்வொன்றுக்கும் காட்சி மேசைக்கும் வாசிப்பு நிகழ்ச்சிக்கும் மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்குமாறு பொது நூலகத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை.