கடையில் நிற்பவர்களுக்கு உட்கார இடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் திருநெல்வேலிச் சீமையில் "மக என்ன செய்தா?" என்று கேட்டால், "டவுண்ல ஜவுளிக்கடையில நிக்கா" என்றுதான் பதில் வரும். வேலை பார்ப்பதற்கே நிற்பது என்று பெயராகிவிட்டது. தீபாவளிக்குக் கூடுதல் ஆள் எடுக்கும் சமயம் இது. ரத வீதியிலும் வண்ணார்பேட்டையிலும் கடை நடத்தும் அண்ணாச்சிமாரும், அவர்களுடைய மேலாளர்களும், ஃப்ளோர் சூப்பர்வைசர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள். அங்கே 2018-இல் சட்டம் திருத்தப்பட்டது. நம் மாநிலத்தில் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்காரும்படி, எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி செய்ய வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு.

பல கடைகள் ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டன. ஆனால் மத்தியானம் மூன்று மணிக்கு, கூட்டமில்லாத நேரத்தில் போய்ப் பாருங்கள். ஸ்டூல் மேல் கட்டைப்பைக் கட்டும் பழைய பில் புக்கும் இருக்கும். பிள்ளைகள் ரேக்கில் சாய்ந்து ஒரு காலை மாற்றி ஒரு கால் ஊன்றி நிற்பார்கள். உட்கார்ந்தால் கேமராவில் பார்த்து மேலிருந்து போன் வரும் என்ற பயம் அவர்களுக்கு. சட்டம் ஸ்டூலைத்தான் கொண்டுவர முடியும், பயத்தைப் போக்குவது கடையின் பொறுப்பு. காலையில் ஷட்டர் திறந்ததும் பத்து நிமிடம் பேசும்போது, "செக்‌ஷன்ல ஆள் இல்லைன்னா உக்காருங்கம்மா, கஸ்டமர் வந்தா எந்திச்சாப் போதும்" என்று மேலாளர் எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். ஒரு நாள் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு வாரம் தொடர்ந்து சொல்லி, அவரும் அந்த ஸ்டூலிலேயே ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் நம்பிக்கை வரும்.

ஸ்டூலிலும் சரியானது, தவறானது உண்டு. வீட்டுப் பிளாஸ்டிக் ஸ்டூல் சுமார் ஒன்றரை அடி உயரம்தான். அதில் உட்கார்ந்தால் கவுண்டருக்குப் பின்னால் ஆள் மறைந்துவிடுவார், வாடிக்கையாளர் வருவதும் தெரியாது. மூன்றடிக் கவுண்டருக்கு இரண்டடி உயர ஸ்டூல் பொருந்தும். அடியில் கால் வைக்க ஒரு குறுக்குக் கம்பி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் தொங்கித் தொடை மரத்துப்போகும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகித் தளர்ந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் நின்றால் அந்தத் தள்ளல் இல்லை. ரத்தம் கீழே தேங்கி, நாளடைவில் குழாய்களின் வால்வு தளர்ந்து, பச்சை நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைக்கிறது. அதனால் அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் உட்கார்வதும் நாலு எட்டு நடப்பதும் வேண்டும். பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்கும் வழக்கத்தையும் எடுத்துவிடுங்கள். அந்த வெட்கத்துக்கே பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றோடு அலைகிறார்கள்.

அடுத்தது, கடைகளில் மனசு கசக்கிற முதல் இடமான 'ஷார்ட்', அதாவது சரக்குக் குறைவு. மாதக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போது ஒரு பட்டுச்சேலை குறைந்தால், அந்த செக்‌ஷனில் நிற்கும் ஆறு பேர் சம்பளத்திலும் பங்கு போட்டுப் பிடிக்கும் பழக்கம் இருக்கிறது. இது சட்டப்படியும் தவறு, வியாபாரத்துக்கும் கேடு. சம்பந்தப்பட்டவரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கு மட்டுமே, அவருடைய விளக்கத்தைக் கேட்ட பிறகே, இழப்பின் மதிப்பைத் தாண்டாமல் பிடிக்கலாம். 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் இருந்த விதி இது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. அபராதம் என்று போட்டாலும் அந்த மாத ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

குறைந்த சேலை பெரும்பாலும் திருடு போயிருக்காது. எக்ஸ்சேஞ்சில் திரும்பி வந்தது வேறு செக்‌ஷன் ரேக்கில் ஏறியிருக்கும். ஃபால்ஸ் அடிக்கப் போனது நோட்டில் வரவு வைக்கப்படாமல் இருக்கும். மாடியிலிருந்து கீழே இறக்கியது பதிவாகியிருக்காது. ஒரு டேக்குக்குப் பதில் இன்னொன்று பில்லாகியிருக்கும். யாரையும் கேட்பதற்கு முன் இந்த நாலையும் பாருங்கள். மாதம் ஒருமுறை மொத்தமாக எண்ணுவதை விட, விலை கூடிய ரேக்கை மட்டும் தினமும் காலையில் இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்துப் போட்டால், எந்த நாளில் குறைந்தது என்று அன்றே தெரியும். பத்து நிமிட வேலை. எல்லார் சம்பளத்திலும் பிடித்தால் நடப்பது வேறு: கறைபட்ட சேலையை யாரும் காட்டாமல் கட்டின் அடியில் செருகிவிடுவார்கள், அது முகூர்த்த நாளில் வாடிக்கையாளர் மடியில் விரியும். அன்றைக்கே சொன்னவருக்கு அபராதம் இல்லை என்று ஒரு விதி போடுங்கள், கட்டின் அடியில் எதுவும் ஒளியாது.

ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் பெயர் போட்டு "நேத்து சேல்ஸ் ஏன் கம்மி?" என்று கேட்பதும் வேண்டாம். வீட்டில் புருஷனும் பிள்ளைகளும் பார்க்கிற போன் அது. பாராட்டை குரூப்பில் போடுங்கள், குறையைத் தனியாகக் கூப்பிட்டு, கடை நேரத்தில் சொல்லுங்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகப் புகார் குழு கட்டாயம். சீசனுக்கு வரும் தற்காலிக ஆட்களும் அந்தக் கணக்கில் சேர்வார்கள். பதவியில் மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைமை, ஊழியர்களில் இருவராவது, வெளியிலிருந்து ஒருவர். பாதிப் பேராவது பெண்கள். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார், 90 நாளில் விசாரணை முடிவு. பல இடங்களில் முதலாளி வீட்டுப் பெண்ணையே தலைவராக எழுதி, பட்டியலை மாடி அலுவலகத்தில் ஒட்டிவிடுகிறார்கள். விற்பனைப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போவதே இல்லை. பெண்கள் சாப்பிடும் அறையில் ஒட்டுங்கள், போன் எண்ணோடு. பத்துக்குக் குறைந்த கடைகளில் இருப்பவர்கள், ஆட்சியர் அமைத்துள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

சம்பளம் ஏழாம் தேதிக்குள். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

கடைசியாக நேரம். கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்; நாலு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வு. ஓவர்டைம் சேர்த்தாலும் ஒரு நாளைக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஓய்வையும் சேர்த்து, வந்ததிலிருந்து போவது வரை 12 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சேலை மடிக்கும் முக்கால் மணி நேரமும் வேலை நேரம்தான், அதையும் கணக்கில் எழுதுங்கள். ஆள் எடுக்கும் அன்றே ஒவ்வொருவரிடமும் ஊரையும் கடைசி பஸ் நேரத்தையும் கேட்டு, மானூர், களக்காடு, முக்கூடல் என்று ஊர்வாரியாகப் பட்டியல் போட்டு சூப்பர்வைசர் மேசையில் ஒட்டிவையுங்கள். ஒருவருக்குக் கடைசி பஸ் 9.40 என்றால் அவர் 9.10-க்குப் படி இறங்கியாக வேண்டும். அவர் செக்‌ஷனில் பிரித்துக் கிடக்கும் சேலையை மறுநாள் காலையில் மடித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வாசகர்,
பாளையங்கோட்டை.